ஆய்வு ஒழுக்கவியல் வினாத்தாள்: இரண்டாம் அமர்வில் சித்தியடைந்த எனது அனுபவம்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை பெறுபேறு வெளியானது. ஆய்வு ஒழுக்கவியலும் வெளியீட்டு நெறிமுறையும் என்ற வினாத்தாளில் முதல் அமர்வில் 38 புள்ளிகளோடு நின்றுபோன நான், இம்முறை 71 புள்ளிகள் பெற்றுச் சித்தியடைந்திருக்கிறேன். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்துக்கொண்டே வார இறுதிகளில் முதுமாணிப் படிப்பைத் தொடர்பவள் நான். என்னைப் போலவே வேலையோடு படிப்பையும் சுமக்கும் ஆசிரியர்கள் அடுத்த அமர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள் என்பதால், நடந்தவை மனத்தில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வினாத்தாளில் சிறுகுறிப்புப் பகுதியும், ஒரு சம்பவத்தைத் தந்து அதிலுள்ள ஒழுக்கவியல் சிக்கலை ஆராயச் சொல்லும் சம்பவ வினாக்களும் உண்டு. சிறுகுறிப்புப் பகுதியில் பெரும்பாலும் எவரும் தோற்பதில்லை. நான் விழுந்தது சம்பவ வினாக்களில். என்னோடு தோற்ற மூவரும் அங்கேயேதான் விழுந்தார்கள்.

முதல் அமர்வுக்கு நான் ஆண்டுகளை மனனம் செய்தேன். ஹட்டனிலிருந்து புறப்படும் அதிகாலைப் பஸ்ஸில், கினிகத்தேனை இறக்கத்து வளைவுகளில் தலை சுற்றச் சுற்ற, மனிதரைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கு நெறி வகுத்த ஆவணங்களான 1947 நியூரம்பேர்க் நெறிக்கோவையின் 10 அம்சங்களையும், 1964 ஹெல்சிங்கிப் பிரகடனத்தையும், 1979 பெல்மொன்ட் அறிக்கையின் மூன்று கோட்பாடுகளையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன். பரீட்சையில் வந்த சம்பவம் இதுதான்: ஒரு தொழிற்சாலையின் முகாமையாளர் அனுமதி கொடுக்கிறார், ஆய்வாளர் தொழிலாளர்களிடம் படிவத்தில் கையொப்பம் பெற்றுத் தரவு சேகரிக்கிறார். சம்மதப் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நான் வரிசையாக எழுதி, கையொப்பங்கள் பெறப்பட்டிருப்பதால் சம்மதம் செல்லும் என்று முடித்தேன். நெறிக்கோவையின் முதல் அம்சமே சுயவிருப்பத்துடனான சம்மதம் இன்றியமையாதது என்கிறது. அந்த வரியை மனப்பாடமாக எழுதிய அதே தாளில், அதற்கு எதிரான முடிவையும் நானே எழுதியிருந்தேன்.

அந்தப் பிழையை நான் பரீட்சை மண்டபத்தில் மட்டும் செய்யவில்லை. எனது ஆய்வேட்டுக்காக, பிள்ளைகள் பாடசாலையிலிருந்து இடைவிலகுவது பற்றிக் கொழுந்து பறிக்கும் தாய்மாரிடம் பேச வேண்டியிருந்தது. ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி கையில் இருந்தது. வீடுவீடாகப் போக நேரமில்லாததால், பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். தொழிலாளர்களை மேற்பார்வை செய்யும் கங்காணி எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் 24 பேர் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைத்தார்கள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று மகிழ்ந்தேன். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு அக்கா மட்டும் குனிந்தபடி மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இதுல கைநாட்டு வைக்கலைன்னா அரைப்பேர்தான் போடுவாங்களா?"

குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாள் சம்பளம் மட்டும் விழுவதைத்தான் அரைப்பேர் என்போம். என் தாய் வாழ்நாளெல்லாம் அஞ்சிய சொல் அது. ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. "அப்படியெல்லாம் இல்லை அக்கா" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டேன். பரீட்சையில் தோற்றபின், விடைத்தாளில் என்ன பிழை என்று ஒவ்வொரு வரியாக யோசித்துக்கொண்டிருந்த இரவில்தான் அவருடைய கேள்வி திரும்பி வந்தது. கங்காணியின் முன்னால், சம்பளம் வெட்டப்படும் என்ற அச்சத்தில் வைத்த கையொப்பம் சுயவிருப்பத்துடனான சம்மதம் ஆகாது என்று அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். குழுவுக்குக் கடிதம் எழுதினோம், ஏனென்றால் அவர்கள் அனுமதித்த நடைமுறையில் கங்காணி எங்கும் இல்லை. 24 படிவங்களையும் கைவிட்டேன். பிறகு மூன்று வாரம், தோட்ட நிர்வாகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தோழியொருத்தியை அழைத்துக்கொண்டு, மாலையில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். 17 பேர் சம்மதித்தார்கள். 7 பேர் மறுத்தார்கள். அரைப்பேர் பற்றிக் கேட்ட அக்கா அந்த ஏழு பேரில் ஒருவர். சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, ஆய்வுக்கு மட்டும் வேண்டாம் என்றார். அந்த ஏழு மறுப்புகளும் முதல் நாள் வரிசையில் எங்கே ஒளிந்திருந்தன என்ற கேள்விதான், இரண்டாம் அமர்வில் என்னைச் சித்தியடைய வைத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே நான் தரக்கூடிய உத்தி ஒன்றே ஒன்றுதான். சம்பவத்தை வாசித்தவுடன் எந்தச் சட்டம், எந்தப் பிரகடனம் என்று தேடாதீர்கள். இந்தக் கதையில் "இல்லை" என்று சொல்ல முடியாதவர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவர் கிடைத்தவுடன் விடையின் மற்றப் பகுதிகள் தாமாகவே வந்துசேரும். சார்ந்திருக்கும் உறவில் உள்ளவரிடம், அந்த உறவுக்கு முற்றிலும் வெளியே உள்ள தகுதியான ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் சொல்வது அப்போதுதான் உங்களுக்குப் பயன்படும்.

வழக்கமாக எல்லோரும் மனனம் செய்யும் சம்பவங்களையும் இதே கண்ணோடு மறுபடி படித்தேன். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் சிகிச்சையின்றி வைத்து அவதானித்தார்கள். இலவச உணவும் ஈமச்செலவுக்கான காப்புறுதியும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. வறுமையில் இருப்பவனுக்கு அவை பரிசா, கட்டா என்று எழுதினால் அது விடை. தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்திய பிரித்தானிய மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் சஞ்சிகை 2010 இல் மீளப் பெற்றது எல்லோருக்கும் தெரியும். அவர் தன் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த சிறுவர்களுக்கு 5 பவுண் கொடுத்து இரத்த மாதிரி எடுத்ததைச் சிலரே எழுதுகிறார்கள். தென் கொரியாவின் ஹுவாங் வூ சுக் குருத்தணு ஆய்வில் தரவுகளைப் புனைந்ததும், 2006 இல் சயன்ஸ் சஞ்சிகை அக்கட்டுரைகளை மீளப் பெற்றதும் பாடக்குறிப்பில் உண்டு. அவருடைய ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த இளம் பெண் ஆய்வாளர்களின் கருமுட்டைகளும் அந்த ஆய்வுக்குப் பெறப்பட்டன என்பது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. தலைவர் கேட்கும்போது அந்தப் பெண்கள் என்ன சொல்லியிருக்க முடியும்?

பெல்மொன்ட் அறிக்கையின் மூன்றாவது கோட்பாடான நீதியை மலையக மாணவர்கள் மேலோட்டமாகப் படிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. எளிதில் கிடைக்கிறார்கள், எளிதில் வளைக்கலாம் என்பதற்காகவே ஒரு கூட்டத்தாரை ஆய்வுக்குத் தெரிவுசெய்யக் கூடாது என்று அது கேட்கிறது. நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்தே எங்கள் லயத்துக்குப் படிவங்களோடு பலர் வந்து போயிருக்கிறார்கள். ஒருவருடைய அறிக்கையும் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை.

வெளியீட்டு நெறிமுறைப் பகுதிக்கும் அதே கேள்வி பொருந்தும். எனது முதல் கட்டுரையை அனுப்பவிருந்த வேளையில், அதை ஒருமுறைகூட வாசித்திராத ஒருவரின் பெயரையும் இணை ஆசிரியராகச் சேர்க்கும்படி எனக்கு மேலே இருந்த ஒருவர் கேட்டார். மறுக்க முடியாத இடத்தில் இப்போது நான் நின்றேன். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை அச்சிட்டு எடுத்துப் போனேன்: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்றிரண்டு போதாது. அந்தப் பெயர் நன்றியுரைக்கு மாறியது. அதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன, அந்த நான்கு மாதங்களும் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அன்பளிப்பு ஆசிரியத்துவம் பற்றி வினா வந்தால் "தவறு" என்று எழுதி நிறுத்தாதீர்கள். கேட்கப்படும் இளம் ஆய்வாளருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

- ஆங்கிலப் பந்தியைத் தமிழாக்கி உசாத்துணை காட்டாமல் எழுதுவதும் கருத்துத் திருட்டே. தமிழ்மொழி மூலம் எழுதும் நம்மிடையே இதை அனுமதிக்கப்பட்ட ஒன்றாகக் கருதும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது.
- யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பக்கங்களை ஒப்புமை காணும் மென்பொருள் தமிழாக வாசிப்பதில்லை. அறிக்கை 0 வீதம் காட்டியதால் ஆய்வேடு தூய்மையானது என்று வாதாட முடியாது. யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே சோதியுங்கள்.
- பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று எழுதாதீர்கள். "மேற்பிரிவில் வசிக்கும், கணவனை இழந்த, மூன்று பெண்பிள்ளைகளின் தாய்" என்றால் தோட்டம் முழுவதற்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
- ஒரே தரவைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரைகளாக வெளியிடுவதும், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்புவதும் வேறு வேறு குற்றங்கள். நான் முதல் தடவை இரண்டையும் குழப்பினேன்.
- பணம் பெற்று மதிப்பாய்வின்றி வெளியிடும் போலிச் சஞ்சிகைகள் பற்றிய வினாவுக்கு, அவற்றைத் தொகுத்த நூலகர் ஜெஃப்ரி பீலின் பட்டியலை மட்டும் எழுதினால் போதாது. அது 2017 இல் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் குழு உண்மையானதா, மதிப்பாய்வுக்கு எத்தனை நாள் எடுக்கிறார்கள், கட்டணம் முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்று சோதிக்கும் முறையை எழுதுங்கள்.
- சஞ்சிகைகளுக்கு நெறி வழிகாட்டும், 1997 இல் தொடங்கப்பட்ட வெளியீட்டு ஒழுக்கவியல் குழு, செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையின் ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்கிறது. காரணம் பொறுப்பேற்றல். மேலே சொன்ன நான்காவது நிபந்தனையோடு இணைத்து எழுதினால் விடை வலுப்பெறும்.

நான் குழுவாகப் படிப்பவள் அல்ல. கையால் எழுதி எழுதியே எனக்கு மனத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் வீதம் 40 சம்பவங்களுக்கு முழு விடை எழுதினேன். பேசிப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம், ஆனாலும் சம்பவ விடையை ஒருமுறையேனும் நேரம் குறித்து எழுதிப் பாராமல் மண்டபத்துக்குள் போகாதீர்கள்.

இம்முறை சம்பவ விடைகளை நான் எழுதிய ஒழுங்கு இது: மறுக்க முடியாதவர் யார், அவரைக் கட்டுவது எது, மீறப்பட்ட கோட்பாடு எது, இப்போது செய்ய வேண்டிய திருத்தம் என்ன, யாருக்கு அறிவிக்க வேண்டும். நான்காவதற்கு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள். முதல் அமர்வில் அந்தப் பகுதியை நான் எழுதவே இல்லை. இம்முறை 24 படிவங்களையும் கைவிட்டு மறுபடி லயத்துக்குப் போன முறையைப் படிப்படியாக எழுதினேன், இடம் போதாமல் மேலதிகத் தாள் கேட்டு வாங்கினேன்.