பக்கம் மாறினால் குறி மாறுமா?

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 25 கேள்விதான் கணக்கும் திறனறிவும். திருவாரூரில் நாங்கள் சேர்ந்து படித்தபோது, தமிழில் புலியாக இருந்தவர்கள்கூட சமன்பாட்டைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற வரிதான் இதற்குக் காரணம் என்பேன். வரி தப்பில்லை. ஆனால் அது கூட்டல் கழித்தலுக்கு மட்டுமே.

நம்ம ஊர்க் கணக்காகவே போடுவோம். 5 மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) நிலத்தில் கண்ட நெல்லில் விதைக்கு 2 மூட்டை எடுத்துவைத்தது போக மீதி 48 மூட்டை. மாவுக்கு எவ்வளவு கண்டது? எக்ஸ் வேண்டாம், 'ம' என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ம − 2 = 48. எடுத்துவைத்த 2 மூட்டையைத் திரும்பச் சேர்த்தால் 5ம = 50. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. அடுத்த வரியில் 5-க்கும் குறியை மாற்றி, 50 − 5 = 45 என்று எழுதிவிடுவார்கள். மாவுக்கு 45 மூட்டை கண்டால் வயலைப் பார்க்க ஜில்லாவே திரண்டு வராதா? 5 அங்கே ம-வைப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது. அதனால் இரு பக்கத்தையும் 5-ஆல் வகுக்க வேண்டும். ம = 10. திரும்பப் போட்டுப் பாருங்கள்: 50 − 2 = 48, சரி.

எண்ணின் குறியை விட, அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது முக்கியம். கூட்டியிருந்தால் கழிக்கணும், பெருக்கியிருந்தால் வகுக்கணும். எதைச் செய்தாலும் இரண்டு பக்கத்துக்கும் செய்யணும்.

பின்னம் வந்தாலும் இதே கதைதான். ம/2 + ம/3 = 10 என்றால் எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்குங்கள். 3ம + 2ம = 60, ம = 12. வலப்பக்க 10-ஐப் பெருக்காமல் விட்டால் விடை 2 ஆகிவிடும்.

வயதுக் கணக்கில் அடைப்புக்குறிதான் வில்லன். அப்பா வயது மகன் வயதைப் போல 4 மடங்கு, 5 ஆண்டு கழித்து 3 மடங்கு. மகன் வயது 'வ' என்றால் 4வ + 5 = 3(வ + 5). அடைப்பைப் பிரிக்கும்போது 3வ + 5 என்று எழுதினால் வ = 0, பையன் இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறான்! சரியாகப் பிரித்தால் 3வ + 15, வ = 10. அப்பாவுக்கு 40. 5 ஆண்டு கழித்து 45-ம் 15-ம், 3 மடங்கு பொருந்துகிறது.

நேரம் இல்லையென்றால் கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை, நானே அப்படித்தான் சிலவற்றை முடித்தேன். ஒன்று மட்டும்: விடைகளில் 10, 40 இரண்டுமே இருக்கலாம். கேட்டிருப்பது மகன் வயதா, அப்பா வயதா என்று இன்னொரு முறை படித்துவிட்டு வட்டத்தை நிரப்புங்கள்.