வரிக்கு ஒரு விலை, இழப்பீட்டுக்கு ஒரு விலை

பிப்ரவரி 8, தோஹா

வேலை முடிந்து வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். பழத்தின் மேல் நீல ஸ்டிக்கர், சிக்கிட்டா. வழக்கம்போல உரித்து டிஃபன் பாக்ஸ் மூடியில் ஒட்டினேன். இந்தக் கம்பெனியின் பழைய பெயர் யுனைடெட் ஃப்ரூட். 1954இல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆட்சியை அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ கவிழ்த்த கதையில் வருவது இதுதான். ரொம்ப நாளாகப் படிக்க நினைத்தது, இன்று ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 10

நாட்டிலேயே பெரிய நிலக்காரர் அந்தக் கம்பெனி. ரயில் பாதையும் அதன் பிடியில். ஆனால் நிலத்தில் பெரும்பகுதி தரிசு. அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் 1952இல் சட்டம் கொண்டுவந்தார்: பெரிய பண்ணைகளின் தரிசை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பது, வரிக்கென்று உரிமையாளரே எழுதிக்கொடுத்த மதிப்பை இழப்பீடாகத் தருவது.

படித்ததும் சிரித்துவிட்டேன். கம்பெனிதான் வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதியிருந்ததே! முதலில் எடுத்த 2 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்கு அரசு தர முன்வந்தது 6,27,572 டாலர். ஏக்கருக்குச் சுமார் 3 டாலர். கம்பெனிக்காக 1 கோடியே 58 லட்சம் டாலர் கேட்டது யார் தெரியுமா? அமெரிக்க வெளியுறவுத் துறை. ஏக்கருக்குச் சுமார் 75.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுவிட்டு, நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்க வந்தபோது மார்க்கெட் விலை கேட்டவர் என் சித்தப்பா. அவருக்காக எந்த வல்லரசும் கடிதம் எழுதவில்லை, பாவம்.

பிப்ரவரி 13

உறவுமுறைகள். அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு இருந்த சட்ட நிறுவனம் இந்தக் கம்பெனிக்கும் வேலை செய்தது. தம்பி ஆலன் டல்லஸ் சிஐஏ தலைவர். அதிபர் ஐசனோவரின் செயலாளருடைய கணவர் கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர். கல்யாண வீட்டில் மொய் நோட்டு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 14

நேற்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆட்சிக் கவிழ்ப்பு வாழைப்பழத்துக்காக மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆர்பென்ஸ் கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமானவர், வாஷிங்டனின் பயமும் நிஜம். 1954 ஜூன் 27இல் அவர் பதவி விலகினார். ஐந்தே நாளில் அமெரிக்க நீதித் துறை அதே கம்பெனிமீது ஏகபோக வழக்குப் போட்டது. அமெரிக்க அரசு கம்பெனியின் ஏவலாளாக இருந்தால் அப்படிச் செய்வார்களா?

ஆனால் பயம் எவ்வளவு நிஜமாக இருந்தாலும், பக்கத்தில் கம்பெனியின் பில் கிடக்கும்போது யார் நம்புவார்கள்? அந்த மார்ச்சில் வெனிசுவேலாவின் கராகஸில் நடந்த அமெரிக்கக் கண்ட நாடுகளின் மாநாட்டில் கம்யூனிச எதிர்ப்புத் தீர்மானம் 17-1 என்று நிறைவேறியது. எதிர்த்தது குவாத்தமாலா மட்டும். மெக்சிகோவும் அர்ஜென்டினாவும் ஒதுங்கிக்கொண்டன. ஜூன் 25இல், தன்மீது நடக்கும் படையெடுப்பு பற்றிய குவாத்தமாலாவின் புகாரை விவாதிக்கவே வேண்டாம் என்று ஐநா பாதுகாப்பு சபை 5-4இல் முடிவு செய்தது. பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்கவில்லை. அந்த மாதம் சபைத் தலைவர் அமெரிக்கத் தூதர் ஹென்றி கேபட் லாட்ஜ். கம்பெனி தலைமையகம் அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டனில். அவர் அதே மாநிலத்தின் முன்னாள் செனட்டர். அவர் மனதார நம்பியே பேசியிருக்கலாம். இருந்தாலும்...

பிப்ரவரி 16

செப்டம்பரில் நாட்டை விட்டுக் கிளம்பிய ஆர்பென்ஸை விமான நிலையத்தில் கேமராக்களுக்கு முன்னால் துணியைக் களையவைத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்ட நேரமானது.

இரவு சித்தப்பாவுக்கு போன் செய்து கதையைச் சொன்னேன். புது ஆட்சி நிலத்தைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்தது என்று முடித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அதுக்கப்புறமாவது வரிக் கணக்குல விலையை ஏத்திக் காட்டினானா?”