டேப் சுற்றிய எர்த் கம்பி

"குளிர் வருதுல்ல சார், அப்புறம் என்ன?" என்று சோதனைத் தாளை நீட்டினார் ஏசி மாட்டிய தம்பி. எல்லாக் கட்டத்திலும் டிக். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றினேன்.

பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பி, முனைகூடச் சீவாமல், மடித்து டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தது. அது உட்கார வேண்டிய திருகில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை.

எர்த் இல்லாமலும் ஏசி ஓடும், நன்றாகவே குளிரும். பயமே அதில்தான். என்றைக்காவது உள்ளே ஒரு ஒயர் உரசித் தோல் போய் இரும்பு உடம்பைத் தொட்டால், மின்சாரம் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும், பக்கத்தில் துணி காயப்போட வருகிறவர் கை வைக்கும்வரை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்சிசிபி சுவிட்ச் காப்பாற்றலாம்தான், ஆனால் எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே அந்தச் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றிருக்கும்.

கம்பியைச் சீவி இறுக்கினோம். மெயினை அணைத்து எர்த் தொடர்ச்சி, அதாவது கம்பி எங்கும் அறாமல் எர்த் வரை போகிறதா என்று பார்த்தோம். அப்புறம் லைனையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெகர், அதாவது ஒயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று ஓமில் காட்டும் மீட்டர், வைத்தோம். (தனித்தனியாக லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கொடுத்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விடலாம்.) 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் நான் விடமாட்டேன். நல்லவேளை, நிறையவே மேலே காட்டியது.

டிக் போட்ட தாளைக் கிழித்துவிட்டு, மீட்டர் காட்டிய எண்களைப் புதுத் தாளில் அந்தத் தம்பியையே எழுதச் சொன்னேன்.

நிதானமாக எழுதினார். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.