குழி நம்பர் இல்லாத ஓடு

மியூசியத்துல வேலைனு சொன்னா சிலை இருக்கா, தங்கம் இருக்கானுதான் முதல்ல கேக்குறாங்க. எங்க தொல்லியல் மியூசியத்துல ஹால்ல அதெல்லாம் கொஞ்சம் இருக்கு, ஆனா நான் ஏழு வருஷமா இருக்குறது பின்னாடி ஸ்டோர் ரூம்ல, அங்க முக்காவாசி பானை ஓடுதான், மூட்டை மூட்டையா.

சேர்ந்த புதுசுல ஓடு கழுவ சொல்லிக்கொடுத்தது ஒரு அக்கா. அகழாய்வுக் குழிக்கு மண்ணு சுமக்க வந்து, அப்படியே ஓடு கழுவுற வேலைக்கு மாறுனவங்க. "தம்பி, அழுத்தி தேய்க்காதீங்க, கோடு போயிரும்"னு மொத நாளே சொன்னாங்க. ஈரோடு பக்கம் அகழாய்வு நடந்த கொடுமணல் மாதிரி இடங்கள்ல செம்பூச்சுல வெள்ளைக் கோடு போட்ட ஓடு கிடைக்கும்ல, அதுல பிரஷ்ஷ கொஞ்சம் அழுத்துனாலும் கோடு போயிரும். அந்தக் காலத்து ஆளுங்க பானைல கீறி வச்ச குறி, அதான் கீறல், இருக்கானு அக்கா கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி கட்டைவிரலால தடவிப் பாப்பாங்க. எனக்கு அது கைவர ரெண்டு வருஷம் ஆச்சு.

கழுவி நிழல்ல காய வச்சு, உள்பக்கமா வார்னிஷ் ஒரு பட்டை தடவி, அது மேல இங்க்ல ஊர் சுருக்கம், வருஷம், குழி நம்பர், ஆழம் எல்லாம் பொடி எழுத்துல எழுதி, திரும்ப வார்னிஷ். ஒரு நாளைக்கு நூறு ஓடு எழுதுனா கழுத்து போயிரும். எதுக்கு இவ்ளோனு நானும் நினைச்சிருக்கேன். கீழடில கிடைச்ச ஒரு கரித்துண்டு கிமு 580னு 2019ல அறிக்கை வந்துச்சே, அது 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்ததுனு எழுதி வச்சிருந்ததாலதான் அந்த வருஷத்த அந்த மண்ணடுக்கோட, அதுல கிடைச்ச மத்த பொருளோட சேத்துப் பேச முடிஞ்சுது. ஆழம் எழுதலேன்னா அது ஒரு பழைய கரி, அவ்ளோதான்.

தூத்துக்குடி மாவட்டத்துல தாழி புதைச்ச பழைய இடுகாடு இருக்குற ஆதிச்சநல்லூரும் அப்படித்தான். 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் இந்தியத் தொல்லியல் துறைல இருந்த அலெக்சாண்டர் ரீ தோண்டுனதுக்கு 1915ல கேட்டலாக் வந்துச்சு. நூறு வருஷம் கழிச்சும் எதெது கிடைச்சுதுனு ஒவ்வொண்ணா பாக்க முடியுதுன்னா அந்தப் பட்டியல் இருக்குறதாலதான். அந்த ஆளு மேல எனக்கு ரொம்ப மரியாதை.

இவ்ளோ சொல்ற எங்க ஸ்டோர்லயே ஒரு மழைக்காலத்துல ஒரு மூல ஒழுகி, கரையான் ஏறி, பழைய துணிப் பை ஒண்ணுல உள்ள, குழியும் ஆழமும் எழுதுன சீட்டு மொத்தமும் போச்சு. இன்னும் நம்பர் எழுதாத ஓடு, நானூறுக்கு மேல. அதுல ஒண்ணுல மீன் மாதிரி கீறல், அவ்ளோ அழகா கீறியிருக்கான், வாலு கூட ரெண்டா பிரியுது. எந்தக் குழி, எவ்ளோ ஆழம், எது கூட கிடைச்சுது, ஒண்ணும் இல்ல. அந்தப் பைய அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சது நான்தான். அன்னைக்கு நைட்டு தூக்கமே வரல.

இப்ப ஒவ்வொரு பைக்கும் ரெண்டு சீட்டு, ஒண்ணு ஜிப் கவர்ல போட்டு உள்ள, ஒண்ணு வெளிய கட்டி, கூடவே ஸ்கேல் வச்சு போட்டோ. போனது போனதுதான், ஆனா ஒரு வழி இருக்கு, உடைஞ்ச விளிம்பு நம்பர் உள்ள வேற ஒரு ஓட்டோட பொருந்துச்சுன்னா ரெண்டும் ஒரே பானைனு தெரிஞ்சிரும், அந்த நம்பர வச்சு இது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுனாவது சொல்லலாம். கறுப்பு சிவப்புப் பானைய சூளைல கவுத்து வச்சு சுடுவாங்க, காத்து படாத உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பாகும், காத்து பட்ட வெளிப்பக்கம் சிவப்பாகும், அந்த ரெண்டு நிறமும் சேர்ற கோடு ஒவ்வொரு பானைக்கும் ஒவ்வொரு மாதிரி வளையும், அந்த வளைவையும் தடிமனையும் வச்சுத்தான் ஜோடி தேடுறோம்.

இதுவரைக்கும் பதினொரு ஓட்டுக்கு ஜோடி கிடைச்சிருக்கு. மொத ஜோடி அக்கா கையிலதான் பொருந்துச்சு, ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு அவங்க கொஞ்ச நேரம் கீழ வைக்கவே இல்ல. மீனுக்கு இன்னும் கிடைக்கல. மூணாவது குழி ஓடு ஆறு பெட்டி பிரிக்காம இருக்கு, திங்கக்கிழமைலேர்ந்து அத எடுக்குறோம்.