விழுந்தால் பழி வயதின் மேல்

எங்காவது ஒரு பழைய போர் விமானம் கண்காட்சியில் விழுந்துவிட்டால் அன்றைக்கே மதுரையிலிருந்து அக்காவின் வாட்ஸ்அப் வந்துவிடும். "எண்பது வருஷத்துப் பழசை எதுக்குடா இன்னும் பறக்க விடுறாங்க? மியூசியத்துல நிறுத்திவெச்சுப் பாத்தா ஆகாதா?" நான் இங்கிலாந்தில் பயணிகள் விமானங்களுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். கோடை வந்தால் வார இறுதிகளில், பழைய போர் விமானங்கள் பறக்கும் டக்ஸ்ஃபோர்டு பக்கம் கிளம்பிவிடுவேன். அக்காவின் கேள்விக்குள் இருப்பது என்னைப் பற்றிய பயம்தான் என்று தெரியும். ஆனால் அவள் மட்டும் இதைக் கேட்பதில்லை. கூட வேலை பார்ப்பவர்களும் கேட்கிறார்கள், பத்திரிகைகளும் கேட்கின்றன. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: விமானம் கிழடு, அதனால் விழுந்தது.

இந்த விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் பொறுமையாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் உலோகத்தின் வயது இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அமெரிக்காவின் டாலஸில் நடந்த கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 12. 'டெக்சஸ் ரெய்டர்ஸ்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் மேல் பின்பக்கமாக வந்து மோதியது பி-63 கிங்கோப்ரா என்ற ஒரு ஃபைட்டர் விமானம். பி-17இல் 5 பேர், கிங்கோப்ராவில் ஒருவர், ஆக 6 பேரும் போய்விட்டார்கள். அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் எந்த எஞ்சினும் நின்றுபோகவில்லை, எந்த இறக்கையும் தானாக ஒடியவில்லை. இரண்டு விமானமும் நன்றாகவே பறந்துகொண்டிருந்தன.

இது போன்ற கண்காட்சிகளில் வானத்தை நடத்துபவர் ஒருவர் இருப்பார், ஏர் பாஸ் என்பார்கள். ரேடியோவில் யார் எப்போது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்பவர் அவர். அன்று அவர் ஃபைட்டர்களைக் கூட்டத்திலிருந்து 500 அடி தள்ளியுள்ள கோட்டுக்கும், குண்டுவீச்சு விமானங்களை 1,000 அடி தள்ளியுள்ள கோட்டுக்கும் வரச் சொன்னார். பலர் இதை உயரம் என்று நினைத்துவிடுகிறார்கள். இது பார்வையாளர்களிடமிருந்து பக்கவாட்டில் உள்ள தூரம். உயரத்தில் இவர்களைப் பிரித்துவைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே எதுவும் பேசிவைக்கப்படவில்லை. வெளியிலிருந்து உள்கோட்டுக்கு வரும் ஃபைட்டர்கள் குண்டுவீச்சு விமானங்களின் பாதையைக் கடந்தாக வேண்டும். ஃபைட்டர் வரிசையில் முதலில் இரண்டு மஸ்டாங் விமானங்கள், மூன்றாவதாகக் கிங்கோப்ரா. இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது கிங்கோப்ரா விமானிக்குத் தன் விமானத்தின் பாகங்களே கண்ணை மறைத்தன. முன்னால் போகிறவரையும் பார்க்க வேண்டும், கோட்டையும் பார்க்க வேண்டும், ரேடியோவையும் கேட்க வேண்டும். பி-17இல் இருந்தவர்களுக்கோ பின்னால் வருவது தெரிய வழியில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 டிசம்பரில் சொன்ன முடிவும் இதுதான். விமானங்களைப் பிரித்துவைக்கும் திட்டத்தை முன்பே வகுத்துப் பேசாமல், ஏர் பாஸின் நேரடிக் கட்டளைகளையும் 'பார்த்து ஒதுங்கிக்கொள்' என்ற முறையையும் நம்பி நடத்தியதே காரணம். இரண்டும் அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த புது விமானங்களாக இருந்திருந்தாலும் மோதியிருக்கும்.

இங்கிலாந்தின் ஷோர்ஹாம் கண்காட்சி விபத்து எனக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 2015 ஆகஸ்ட் 22. 1955இல் கட்டப்பட்ட ஹாக்கர் ஹண்டர் ஜெட் ஒன்று லூப் அடித்து, அதாவது மேலேறித் தலைகீழாகி வட்டம் போட்டு, இறங்கும்போது மேலெழ இடமில்லாமல் ஏ27 சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட விமான நிலையத்துக்குள் இருந்தவர் இல்லை. விமானி படுகாயத்துடன் பிழைத்தார்.

லூப் அடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை வேகத்தில் ஏற வேண்டும், உச்சிக்குப் போகும்போது இத்தனை உயரம் இருக்க வேண்டும். அந்த உச்சி உயரத்தை 'கேட்' என்பார்கள். உண்மையிலேயே அது ஒரு வாசல்தான். அந்த உயரம் கிடைத்தால் மட்டுமே லூப்பின் மறுபாதியில் மூக்கைக் கீழே இழுக்கலாம். கிடைக்கவில்லையென்றால் தலைகீழாக இருக்கும் நிலையிலேயே விமானத்தைப் புரட்டி நேராக்கி, கண்காட்சியை மறந்துவிட்டு வெளியேற வேண்டும். ஹண்டருக்குக் குறைந்தபட்சம் 3,500 அடி வேண்டும். அன்று கிடைத்தது ஏறத்தாழ 2,700. ஏறத் தொடங்கிய வேகம் குறைவு, எஞ்சினும் முழு உந்துவிசையில் இல்லை. பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைக் குழு பின்னால் இன்னொரு ஹண்டரைப் பறக்கவிட்டுப் பார்த்தது. உச்சியைத் தாண்டிச் சுமார் 4 விநாடிகள் வரைகூட புரட்டித் தப்பியிருக்க முடியும் என்றது.

அந்த 4 விநாடிகளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்த விமானி வேறு வகை ஜெட்களும் ஓட்டியவர். வேறொரு விமானத்துக்கான கேட் உயரம் நினைவில் வந்திருக்கலாம், உயரமானியைத் தவறாகப் படித்திருக்கலாம் என்று விசாரணை சில சாத்தியங்களைச் சொன்னதே தவிர உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று பதிவு செய்தார். அந்தக் குடும்பங்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சுமந்துகொண்டு வாழ்கின்றன.

ஆனால் விமானியோடு இதை முடித்துவிடக் கூடாது. அவர் அன்று என்னென்ன வித்தைகள் செய்யப்போகிறார், எந்த இடத்துக்கு மேல் செய்யப்போகிறார் என்பது கண்காட்சியை நடத்தியவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. கீழே சிக்னலும் போக்குவரத்துமாக இருக்கும் ஒரு பெரிய சாலை. இறந்தவர்களில் இரண்டு இளைஞர்கள் தங்கள் கிளப்புக்காகக் கால்பந்து ஆடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மணப்பெண்ணை அழைத்துவரக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சிலர் சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானிக்கும், அவருடைய எஞ்சினியருக்கும், என்னைப் போல் ஹேங்கருக்குள் போய் வருகிறவனுக்கும் ஆபத்து தெரியும். தெரிந்துதான் கிட்டே போகிறோம். மேட்சுக்குக் கிளம்பிய பையனிடம் யார் கேட்டார்கள்? எனக்கு இந்த விஷயத்தில் மனம் ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு பிரிட்டனில் விதிகள் இறுகின. முன்னாள் ராணுவ ஜெட்கள் தரைக்கு மேல் வித்தை காட்டக் கூடாது, நேராகப் பறந்து போகலாம் என்றார்கள். அப்போது ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. தாழ்வாகச் சாய்ந்து ஒரு ஹண்டர் கடந்து போனாலே உடம்பு சிலிர்க்கும். அதன் அழகைப் பார்க்க லூப் தேவையில்லை.

இயந்திரம் காரணமாக விழுந்தவையும் உண்டு, மறைக்கவில்லை. 2019 அக்டோபர் 2, அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையம். கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்சென்ற 'நைன் ஓ நைன்' பி-17 கிளம்பிய சில நிமிடங்களில் 4ஆம் எஞ்சினில் கோளாறு. திரும்பி இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்பே தரைதட்டி, பனி நீக்கும் கூடத்தில் போய் மோதியது. 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் பயணிகள்.

இந்த அறிக்கையில் ஒரு பத்தி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இது போன்ற விமானத்தின் பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்க மேக்னெட்டோ என்ற கருவிகள் இரண்டு இருக்கும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். அந்த 4ஆம் எஞ்சினில் இரண்டுமே சரியில்லை. ஒன்றின் வயர் இணைப்பைப் பிடித்துநிற்க வைக்க ஒற்றை இழை லாக் வயரைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அது விலகி, வயர் உலோகக் கூட்டைத் தொட்டு, அந்த மேக்னெட்டோ செத்துப்போனது. லாக் வயர் எங்கள் கையில் தினமும் புரளும் பொருள். போல்ட் தளராமலிருக்க மெல்லிய எஃகுக் கம்பியைப் பிளையரால் முறுக்கி, இறுகும் திசை பார்த்துக் கட்டுவோம். விரல் நுனியில் குத்தாத நாள் கிடையாது. அதை இப்படி ஒட்டுப்போடப் பயன்படுத்தியதைப் படித்தபோது என் விரலே கூசியது. அதைவிட முக்கியம், அந்த விமானத்தின் விமானியும் பராமரிப்புக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆள். எங்கள் வேலையில் முக்கியமான இணைப்பு என்றால் செய்தவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். செய்தவருடைய கண்ணுக்குத் தன் தவறு தெரியாது என்பதால் வந்த வழக்கம் அது. அந்த மேக்னெட்டோக்களையும் எண்பது வருடம் ஒன்றும் கெடுத்துவிடவில்லை. பிரித்துப் பார்த்துச் சரிசெய்திருக்கக்கூடியவை.

காலத்தின் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2023இல் பி-17களின் இறக்கையை உடலோடு பிணைக்கும் பகுதியில் பிரச்சினை தெரியவந்து, சோதித்த பிறகே பறக்கலாம் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது. உலோகம் களைக்கும். ஆனால் அது சோதனையில் பிடிபடும், விமானத்தைத் தரையில் நிறுத்திவைக்கலாம். அன்று நிறுத்தியும் வைத்தார்கள்.

1996 ஜூலை 21 மான்செஸ்டர் அருகே பார்ட்டனில் விழுந்தது, அப்போது உலகில் பறக்கும் நிலையில் இருந்த ஒரே மாஸ்கிட்டோ, இரண்டாம் உலகப் போர்க்கால விமானம். கார்புரேட்டர் கோளாறில் இடது எஞ்சின் சக்தி இழந்து, மீட்க உயரம் போதாமல் போயிற்று. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். கடைசி மாஸ்கிட்டோ போய்விட்டதே என்று இன்றும் இங்கே பெரியவர்கள் பேசிக்கேட்பேன். மரத்தால் ஆன விமானம் அது. நியூசிலாந்தில் புதிதாக அச்சுகள் செய்து, புது மரத்தில் உடலும் இறக்கையும் கட்டி, 2012இல் ஆர்ட்மோரில் ஒரு மாஸ்கிட்டோ மறுபடி வானேறியது. அதற்குப் பிறகு வேறு சிலவும் வந்துவிட்டன. பார்ட்டனில் போன இருவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 2024 மே 25 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பி அருகே ஸ்பிட்ஃபயர் போர் விமானம் விழுந்து ஸ்குவாட்ரன் லீடர் மார்க் லாங் இறந்தபோதும், 'ஐயோ, ஸ்பிட்ஃபயர்' என்றுதான் சில வாய்களில் முதலில் வந்தது. ஸ்பிட்ஃபயரை இன்னொருமுறை கட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை, சொல்பவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அதே வருடம் அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நம் விமானப்படையின் பழைய விமானங்களான டகோட்டாவும் ஹார்வர்டும் பறந்தன. கடலுக்கு மேல் பறக்கவைத்தது நல்ல முடிவு. ஒன்று தவறினாலும் கீழே தண்ணீர்தான். விமானங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பின. பார்க்க வந்தவர்களில் 5 பேர் உயிரிழந்தார்கள், வெயிலில், அந்தப் பெருங்கூட்டத்தில். அங்கும் தரையில் யோசித்திருக்க வேண்டியவைதான் விடுபட்டன: நிழல், குடிநீர், வெளியேறும் வழி, ரயிலேற இடம்.

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று. டிக்கெட் விலை அதிகம் என்று குடும்பத்தோடு வேலிக்கு வெளியே சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பார்ப்பது நம்மிடம் சாதாரணம். உள்ளே இருக்கும் கூட்டத்துக்கு விமானம் இத்தனை அடி தள்ளித்தான் பறக்க வேண்டும் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியே நிற்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இப்போது விதி சொல்கிறது, ஆனால் நீங்கள் எந்த முனையில் போய் நிற்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. விமானங்கள் திரும்பும் இடமும், ஓடுபாதை முடியும் நேர்கோட்டில் உள்ள சாலையும் நிற்பதற்கு ஆகவே ஆகாத இடங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள்.