கோட்லாந்து: ஓடின் கல்லும் அரபு வெள்ளியும்

சம்மர் வந்தா ஸ்வீடன்காரங்க கூட்டமா ஓடுற இடம் கோட்லாந்து தீவு. நாங்களும் கிளம்பிட்டோம். நீனாஸ்ஹாம்ன் துறைமுகத்துல கப்பல் ஏறினா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். விஸ்பி ஊரைச் சுத்தி பழைய மதில், சந்துக்குச் சந்து ரோஜா, ஐஸ்கிரீம் கியூ, இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு.

நான் பார்க்கப் போனது ஸ்டோரா ஹமார்ஸ் கல்லை, பழைய காலத்துல படம் செதுக்கி நட்டு வெச்ச பெரிய கல். தீவோட வடக்குப் பக்கம் புங்கே மியூசியத்துல திறந்தவெளியில நிக்குது. கீழ பாய்மரக் கப்பல், மேல ஒருத்தன் மரத்துல தொங்குறான், நடுவுல யாரையோ பலி கொடுக்கிற மாதிரி காட்சி, அதுக்கு மேல ஒண்ணோட ஒண்ணு பின்னின மூணு முக்கோணம். வால்க்நூட். வைக்கிங் ஆளுங்க கும்பிட்ட பெரிய சாமி ஓடினோட சின்னம்னு சொல்றாங்க, ஆனா செதுக்கினவங்க என்ன நினைச்சு செதுக்கினாங்கன்னு எந்தப் பழைய நூல்லயும் இல்ல. 2021 ஜனவரி 6ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள்ள கொம்புத் தொப்பியோட, சட்டையில்லாம ஒருத்தர் நின்னாரே, அவர் உடம்புலயும் இதே முக்கோணம்தான் பச்சை குத்தியிருந்துச்சு, கூடவே தோரோட சுத்தியல்.

வெறுப்புக் கும்பல்கள் இதெல்லாம் வைக்கிங் தாத்தாகிட்ட இருந்து நேரா வந்த சொத்து மாதிரி காட்டிப்பாங்க. வழி பிடிச்சுப் போனா பாதி வியன்னாவுல போய் நிக்குது. அங்க கைடோ ஃபான் லிஸ்ட்னு ஒரு எழுத்தாளர், 1902ல கண் ஆபரேஷன் பண்ணி கட்டோட படுத்திருந்தப்போ ரூன்ங்கிற பழைய வட ஐரோப்பிய எழுத்தோட ரகசியம் தனக்குப் புரிஞ்சுதுன்னு சொல்லி 18 எழுத்து பட்டியல் போட்டார். வைக்கிங் ஆளுங்க எழுதினது 16, அதுக்கு முந்தினது 24. ஹிட்லரோட எஸ்எஸ் படை காலர்ல ரெட்டை மின்னல் இருக்குமே, அது இந்த கைடோ ஃபான் லிஸ்ட் வழியா வந்ததுதான்.

விஸ்பிலயும் இது பழங்கதை இல்ல. வருஷா வருஷம் இங்க அல்மெடாலன் அரசியல் வாரம் நடக்கும், நோர்டிக் ரெசிஸ்டன்ஸ் மூவ்மெண்ட்ங்கிற நியோ நாஜி அமைப்பு அங்க வந்து ரகளை பண்ணியிருக்கு. அவங்க கொடியில டியூர்ங்கிற சாமி பேர்ல இருக்கிற ரூன் எழுத்து. 2022 ஜூலைல அதே வாரத்துல மனநல மருத்துவர் ஒருத்தரை பட்டப்பகல்ல குத்திக் கொன்னவன், முன்னாடி இந்த அமைப்போட சுத்தினவன். இத்தனைக்கும் கதைல டியூர் யாருன்னா, மத்த தேவர்கள் ஓநாயை ஏமாத்தி கட்டினதுக்கு ஈடா தன் கையை அதோட வாய்ல விட்டு இழந்தவர். இவங்க அடிக்கடி பேசுற சுத்த ரத்தமும் அங்க கிடையாது, ஓடினோட அம்மாவும் தோரோட அம்மாவும் ராட்சச குலம். தோர் சுத்தியலைத் திருப்பி வாங்க கல்யாணப் பொண்ணு வேஷம் போட்டுப் போன கதையை மட்டும் இவனுங்க டீசர்ட்ல போடவே மாட்டானுங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது விஸ்பி மியூசியத்துல இருக்கிற ஸ்பில்லிங்ஸ் புதையல். 1999ல ஒரு பண்ணை நிலத்துல கிடைச்சது, வெள்ளி மட்டும் 67 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டையை விட கனம். அதுல பதினாலாயிரத்துக்கும் மேல காசு, பெரும்பாலும் அரபு திர்ஹம், அல்லாஹ் பேர் அடிச்சது. அதுலயே ஒரு காசு காஸ்பியன் கடல் பக்கம் அப்போ இருந்த கஸார் நாட்டுல அடிச்சது, அவங்க ராஜாக்கள் யூத மதத்துக்கு மாறினவங்க. அதுல அரபு எழுத்துல மோசே கடவுளோட தூதர்னு இருக்கு. சுத்த ஆரியன் கனவு காணுறவங்க கொண்டாடுற வைக்கிங் ஆள் கொட்டகைத் தரைக்கடியில இதைத்தான் பத்திரமா புதைச்சு வெச்சிருக்கார்!

2019ல ரூன் சின்னங்களையே தடை பண்ணலாமான்னு ஸ்வீடன் அரசாங்கத்துல பேச்சு வந்தப்போ பயங்கர எதிர்ப்பு. ஓடினை இன்னைக்கும் கும்பிடுற ஆளுங்களே முன்னாடி நின்னு கத்தினாங்க, எங்க சாமியை அவங்களுக்கு தாரை வார்க்காதீங்கன்னு. கடைசில தடை வரல. என் கட்சியும் அதுதான், எழுத்தைத் தடை பண்ணினா தீவு பூரா நிக்கிற கல்லை என்ன பண்ணுவீங்க?

புங்கே போறவங்க சம்மர்லயே போயிடுங்க, மத்த மாசம் போனா பெரும்பாலும் பூட்டுதான்.