ராஜமலையின் வரையாடும் நல்லதண்ணியின் தேயிலையும்: மூணாறில் ஒரு பகல்

மூணாறில் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது, எதைப் பார்ப்பது என்று கேட்கும் நண்பர்களிடம் இரண்டு இடங்களை மட்டும் சொல்வது என் வழக்கம்: காலையில் இரவிகுளம் தேசியப் பூங்கா, பிற்பகலில் நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம். ஒன்று காட்டைப் பற்றியது, மற்றொன்று தொழிலைப் பற்றியது என்று பிரித்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் தேயிலை நட்ட சரிவும் நடாமல் விட்ட புல்வெளியும் நெடுங்காலம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தவை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், இந்த ஊர் வேறு விதமாகப் புரிகிறது.

தேனியிலிருந்து போடிமெட்டு வழியாகப் போகிறவர்கள் முந்தைய நாள் மாலையே மூணாறு சேர்ந்துவிடுவது நல்லது. பூங்காவின் நுழைவாயில் ஊரிலிருந்து மறையூர்ச் சாலையில், ஐந்தாம் மைல் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு வனத்துறைப் பேருந்துதான். பேருந்து கொஞ்ச தூரம் தேயிலைக்கு நடுவே ஏறுகிறது, திடீரென்று தேயிலை முடிந்து பாறையும் புல்லும் தொடங்குகின்றன. ராஜமலையில் இறங்கியதும் வளைந்து ஏறும் தார்ச்சாலையில் நடக்கலாம். சாலையை விட்டு விலக அனுமதி இல்லை. சுற்றுலாவுக்குத் திறந்திருப்பது பூங்காவின் ஓர் ஓரம் மட்டுமே. 97 சதுர கிலோமீட்டரில் மீதமெல்லாம், இமயத்துக்குத் தெற்கே மிக உயரமான சிகரமாகிய 2,695 மீட்டர் ஆனைமுடி உட்பட, விலங்குகளுக்கும் காவலர்களுக்கும் உரியது. அந்தக் காவலர்களில் பலர் முதுவர் என்னும் பழங்குடியினர். இந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவர்களுக்குத் தெரியும்.

வரையாட்டைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும் என்பது மற்ற மலைகளுக்குப் பொருந்தும், ராஜமலைக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், அதாவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழ்வது. அதன் மிகப் பெரிய கூட்டம் இரவிகுளத்தில்தான் இருக்கிறது. இங்கே பல தலைமுறைகளாக மனிதர்களைப் பார்த்துப் பழகிவிட்டதால் சாலையோரத்திலேயே மேய்கிறது. நான் போன காலையில் பனி விலகி முடிப்பதற்குள் ஒரு பெட்டையும் இரண்டு குட்டிகளும் தடுப்புச் சுவருக்கு மேலே வந்து நின்றன. புல்லைப் பற்றி இழுத்து அறுக்கும் ஓசை கேட்கும் அளவுக்கு நெருக்கம். சற்று மேலே ஒரு முதிர்ந்த கிடா. வயதேற ஏற இந்தக் கிடாக்களின் உடல் கரும்பழுப்பாகி, முதுகில் மட்டும் சேணம் போட்டது போல் வெளுத்த பட்டை விழுகிறது. பின்னோக்கி வளைந்த கொம்புகளில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. குளம்பை வைப்பதற்குக்கூட இடம் தெரியாத பாறை விளிம்பில் அது காட்டிய அலட்சியத்தைப் படம் பிடிக்க முயன்றவர்கள் பலர். எனக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமாக இருந்தது. பெயரில் ஆடு இருந்தாலும், மரபணு ஆய்வுகள் இதை வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு நெருங்கியதாக வைத்து, இமயமலையில் வாழும் தார் என்ற காட்டாட்டிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கியிருக்கின்றன.

அந்தப் புல்வெளியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மலை முகடெல்லாம் புல்லாகவும், இரு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, நெருக்கமான மரங்களாகவும் இருப்பது யாரோ வெட்டி அழித்ததால் வந்ததன்று. உறைபனியும் காற்றும் வாட்டும் மேட்டில் புல்லும், ஈரமும் ஒதுக்கமும் கிடைக்கும் பள்ளத்தில் சோலையுமாக நிற்பதே இந்த உயரத்தின் இயல்பு. பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கீழே விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றுவதில்லை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தப் புல்லுக்கு நடுவேதான் இருக்கிறது. 2006-க்குப் பிறகு 2018-இல் பூத்தபோது, அதே ஆண்டு கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தால் வந்து பார்த்தவர்கள் குறைவு. அடுத்தது 2030.

இனி கம்பெனிக் கதை. ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காபி, கொய்னா மருந்து தரும் சின்கோனா மரம் என்று பலவற்றை முயன்று பார்த்த தோட்டக்காரர்கள் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவாயிற்று. தாழ்ந்த சரிவுகளில் காடு முழுவதும் வெட்டப்பட்டுத் தேயிலை ஏறியது. மேலே, தேயிலைக்கு ஒவ்வாத உயரத்தில் இருந்த இரவிகுளம் பீடபூமி துரைமார்களின் வேட்டைக்களமாக ஒதுக்கப்பட்டது. தாங்கள் சுடுவதற்காகவே மற்றவர்கள் சுடாமல் அவர்கள் காவல் போட்டார்கள், முதுவர்களைக் காவலர்களாக வைத்தார்கள். 1971-இல் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றிக் கம்பெனியிடமிருந்து சாகுபடி செய்யாத நிலத்தை மீட்டபோது இந்தப் பகுதி அரசின் கைக்கு வந்து, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டை ஆசை காப்பாற்றிய விலங்கு என்று சொன்னால் முரணாகத்தான் இருக்கும். ஆனால் கீழே வெட்டப்பட்ட காட்டின் பரப்பை ராஜமலைச் சாலையில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தத் துரைமார்களுக்கு நன்றி சொல்லும் ஆர்வம் தானாகவே தணிந்துவிடும்.

ராஜமலையைத் தாண்டி உள்ளே போகும் பாதை பெட்டிமுடிக்கும், அதற்கப்பால் முதுவர்களின் இடமலைக்குடிக்கும் செல்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளாகிய லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர், பெரும்பாலும் தமிழர்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள் பல. வரையாட்டைப் பார்த்து மகிழ்ந்து திரும்பும் பேருந்தில் இதைப் பேசுவோர் யாருமில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நல்லதண்ணியிலுள்ள அருங்காட்சியகம், இந்தத் தோட்டங்களைப் பின்னாளில் நடத்திய டாடா தேயிலை நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. நுழைந்தவுடன் நிற்கும் கல்லாலான சூரியக் கடிகாரம் 1913-இல் நாசரேத்திலிருந்த தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது. நாசரேத் என்றதும் பைபிளை நினைப்பவர்களுக்கு: இது நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். உள்ளே பழைய உருட்டு இயந்திரம், எஸ்டேட் ஒன்றுக்கு மின்சாரம் தந்த, நீர் வேகத்தால் சுழலும் பெல்டன் சக்கரம், பெரியகானல் எஸ்டேட் அருகே தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி என்று பலவும் இருக்கின்றன. என்னை அதிக நேரம் நிறுத்தியது குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலின் ஒரு சக்கரம். 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, நீராவி எஞ்சினோடு ஓடியது அந்த ரயில். மூணாற்றில் பெட்டியில் அடைத்த தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்குப் போனது. மலையாளிகள் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று இன்றும் சொல்லும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடியோடு அழித்தது. ரயில் மறுபடி ஓடவே இல்லை.

பின்கட்டில் சிறிய தொழிற்சாலை ஒன்று பார்வையாளர்களுக்காக ஓடுகிறது. ஈரம் குறையும்படி வாட்டிய இலை, பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு இடையே விழுகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் இலை நசுங்கி, கிழிந்து, உருண்டு, கரும்பச்சைத் தூளாக வெளிவருகிறது. நசுக்கு, கிழி, உருட்டு (Crush, Tear, Curl) என்ற இந்த மூன்றின் சுருக்கம்தான் நாம் பாக்கெட்டில் படிக்கும் சி.டி.சி. அடுத்த கட்டத்தில் அது காற்றுப் பட்டுப் பச்சை மறைந்து செம்பு நிறமாகிறது. அந்த இடத்தில் எழும் புளிப்புக் கலந்த வாசனையைத் தேநீரில் ஒருபோதும் நுகர முடியாது. பிறகு சூடான காற்றில் உலர்த்திச் சல்லடைகளில் தரம் பிரிக்கிறார்கள். மிகப் பொடியாக விழும் டஸ்ட்தான் நம் தெருமுனைக் கடைக்காரர்களின் விருப்பம். கொஞ்சத் தூளில் நிறமும் கடுப்பும் இறங்கிவிடும்.

இயந்திரங்களுக்குக் கிடைத்த இடம் கைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அங்கே எனக்குள்ள குறை. வெளியே சாலையோரச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், கத்தரியால் வெட்டுவது எளிதா என்று கேட்டேன். "கையால எடுத்தா கொழுந்து சுத்தமா இருக்கும் தம்பி. கத்தரி வெச்சா கிலோ ஏறும், தோள்பட்டை போயிரும்" என்றார். கத்தரியோடு இணைந்த பை நிறைய நிறைய எடை முழுவதும் இரண்டு மணிக்கட்டுகளில் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

2005-இல் டாடா விலகியபோது தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்ட கம்பெனி இங்கே உருவானதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதே கம்பெனியின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டு, குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாகப் பெற்றார்கள். பெண்களின் ஒற்றுமை என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர்பெற்ற அந்தப் போராட்டத்துக்கு அருங்காட்சியகத்தில் ஒரு சுவராவது ஒதுக்கலாம். தேயிலையின் மரபு 1924 வெள்ளத்தோடு நின்றுவிடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வரையாடு குட்டி ஈனும் காலத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போனால் துள்ளும் குட்டிகளைக் காணலாம். விடுமுறை நாட்களில் பேருந்துக்கு நீண்ட வரிசை நிற்கும் என்பதால் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்து, முதல் பேருந்திலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தின் இரைச்சலில் ஆடுகள் மேலே ஒதுங்கிவிடுகின்றன. அவற்றுக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். மாட்டுப்பட்டிப் படகுச் சவாரிக்காக அருங்காட்சியகத்தை விடுபவர்கள் உண்டு. நான் படகைத்தான் விடச் சொல்வேன். பொழுது மிச்சமிருந்தால் டாப் ஸ்டேஷன் வரை போய், கம்பிவடம் இறங்கிய திசையில் கொட்டகுடிப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம், மூடுபனி இல்லாவிட்டால்.